கையெழுத்தும் தலையசைப்பும்

பொறியாளர் என்ற சொல்லைக் கேட்டதும் பொதுமக்கள் மனத்தில் எழுவது, இயந்திரம் ஒன்றைத் தானே எண்ணி, வரைந்து, செய்து, ஓட்டிப் பார்க்கும் ஒருவரின் உருவம். சிற்றூர்ப் பட்டறைகளிலும் பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்கூடங்களிலும் அந்த உருவத்துக்குப் பொருந்தியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பல்லாயிரம் பேர் பணியாற்றும் பெருநிறுவனத்தில் சேரும் பொறியாளருக்கு முழு இயந்திரம் கிடைப்பதில்லை. அதன் ஓர் உறுப்பும், அந்த உறுப்புக்கென ஒரு கோப்பும், அந்தக் கோப்பின் அடியில் கையெழுத்திடும் உரிமையுமே கிடைக்கின்றன. உறுப்பு சிறியதாகவும் கோப்பு பெரியதாகவும் இருக்கும் இந்த வாழ்க்கை எப்படி நடக்கிறது, கையெழுத்துக்கு உரிய பொறுப்பு எப்படி எவர் தோளிலும் இறங்காமல் நழுவிப்போகிறது என்பதை அறிய, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு சாவி சுவிட்சுக்கு நேர்ந்த வரலாறு பெரிதும் உதவும். அந்நிறுவனத்துக்காக வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் விசாரித்து 2014 ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கை, வழக்கமாக வெளியார் கண்ணில் படாத உள்ளறைகளை 300 பக்கங்களுக்கு மேல் திறந்து காட்டியிருக்கிறது.

ஒரு காரைத் திருகாணி வரை பிரித்து எண்ணினால் ஏறத்தாழ 30,000 உறுப்புகள் தேறும். அவற்றுள் பெரும்பகுதியைக் கார் நிறுவனம் தானே செய்துகொள்வதில்லை. உதிரிபாகம் செய்யும் வேறு நிறுவனங்களிடம் கொடுத்து வாங்குகிறது. ஆகவே அதன் பொறியாளர் பெரும்பாலும் அரமும் ரம்பமும் தொடாதவர். கதவுப் பூட்டுக்கு ஒருவர், கண்ணாடி துடைப்பானின் மோட்டாருக்கு ஒருவர், சாவி சுவிட்சுக்கு ஒருவர் எனப் பிரித்தளிக்கப்பட்ட உறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பை எழுதுவதும், அதன்படி செய்து அனுப்பப்படும் மாதிரிகளின் சோதனை முடிவுகளைப் படிப்பதும், எடையும் விலையும் கூடாமல் பார்த்துக்கொள்வதும், பக்கத்து உறுப்புக்குப் பொறுப்பானவருடன் இடத்துக்காகவும் மின்கம்பிக்காகவும் வாதாடுவதுமே அவருடைய அன்றாடம். இத்தகையவரை அத்தொழிலில் 'டிசைன் ரிலீஸ் என்ஜினீயர்' என்பார்கள். வடிவமைப்பை உற்பத்திக்கு விடுவிக்கும் பொறியாளர் என்பது அதன் பொருள். அவர் ஒப்பாமல் அந்த உறுப்பு தொழிற்சாலையின் வரிசைக்குள் நுழைய முடியாது.

வேலைநேரத்தின் பெரும்பங்கு கூட்டங்களிலும் மின்னஞ்சல்களிலும் கட்டம் கட்டமான அட்டவணைகளிலும் கழிகிறது என்பது, கல்லூரியில் வெப்பவியலும் பொருள்களின் வலிமையும் படித்துவிட்டு வரும் இளைஞருக்கு முதல் ஏமாற்றமாக அமைகிறது. ஆனால் அந்த அட்டவணைகளை வெறும் காகிதச் சுமை என்று தள்ளிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, 'எஃப்எம்இஏ' என்று வாகனத் தொழிலில் வழங்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஓர் உறுப்பு எந்தெந்த வகையில் பழுதாகலாம் என்பதைப் பழுது நேரும் முன்பே எழுதி, அது நேர்ந்தால் விளையும் கேடு எவ்வளவு, நேரும் வாய்ப்பு எவ்வளவு, முன்கூட்டிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்ற மூன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்து, மூன்றையும் பெருக்கி, பெருக்குத்தொகை மிகுந்தவற்றை முதலில் சரிசெய்வது நெடுங்காலமாக இருந்துவந்த முறை. இந்தக் கணக்கில் பெருக்கலுக்கு ஒரு நொடிதான் ஆகிறது. கேடு எவ்வளவு என்ற முதல் எண்ணை இடுவதற்குத்தான் அறிவு முழுவதும் தேவைப்படுகிறது. தன் உறுப்பு கெட்டால் காரின் மற்றோர் உறுப்பு என்ன ஆகும் என்று அறியாதவர் இடும் எண் பிழையாகவே இருக்கும். பிழையான எண்ணைப் பெருக்கினாலும் அட்டவணை அழகாகவே தோன்றும்.

உறுப்புக்குரிய எண் என்பது இன்னொரு முதன்மையான கருவி. ஒவ்வோர் உறுப்புக்கும் தனி எண் உண்டு. அதன் வடிவமோ பொருளோ இன்னோர் உறுப்புடன் பொருந்தும் விதமோ மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது பொறியியலின் அரிச்சுவடி. எந்த நாளில் செய்த காரில் எந்த உறுப்பு இருக்கிறது என்று பத்தாண்டு கழித்தும் சொல்ல முடிவது இந்த எண்ணால்தான். எண்ணை மாற்ற வேண்டுமானால் மாற்ற ஆணை ஒன்றை எழுத வேண்டும். அது கொள்முதல், உற்பத்தி, தரம், உதிரிபாக விற்பனை எனப் பல துறைகளின் ஒப்புதலுக்குச் சுற்றி வரும். ஒவ்வொரு துறையும் ஏன், எதற்கு, எவ்வளவு செலவு என்று கேட்கும். இந்தச் சுற்றுக்கு வாரங்களும் மாதங்களும் ஆவதால், சிறிய மாற்றங்களை ஓசைப்படாமல் செய்துவிடலாமே என்ற ஆசை எந்தப் பெருநிறுவனத்துப் பொறியாளருக்கும் எப்போதாவது எழுந்தே தீரும்.

ஜெனரல் மோட்டார்ஸில் அந்த ஆசை வென்றது. 2003ஆம் ஆண்டு மாதிரியான சாட்டர்ன் அயன், 2005ஆம் ஆண்டு மாதிரியான செவர்லே கோபால்ட் முதலிய சிறிய கார்களுக்கென வடிவமைக்கப்பட்ட சாவி சுவிட்சை, முன்பு அந்நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்து 1999இல் தனியாகப் பிரிந்த டெல்ஃபி நிறுவனம் செய்துகொடுத்தது. சாவியைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை, அதாவது திருகும் விசை, 20 நியூட்டன் சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஐந்து கூடலாம் அல்லது குறையலாம் என்பது விவரக்குறிப்பு. செய்துகாட்டப்பட்ட மாதிரிகளில் அந்த விசை குறைந்த வரம்பான 15க்கும் கீழே இருந்தது. ஆனால் அதே சுவிட்சில் மின்தொடர்புச் சிக்கல்கள் வேறு இருந்து பொறுப்பாளரை அலைக்கழித்துக்கொண்டிருந்தன. முறுக்குவிசையைக் கூட்டப்போய் மின்தொடர்பு கெட்டுவிடுமானால் எதையும் தொட வேண்டாம் என்று அவர் உதிரிபாக நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, 2002இல் அந்தச் சுவிட்சை உற்பத்திக்கு விடுவித்தார். நரகத்திலிருந்து வந்த சுவிட்ச் என்று அவர் ஒரு மின்னஞ்சலில் சலித்துக்கொண்டதும் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. தீய எண்ணத்தோடு செய்த செயலாக இது தோன்றவில்லை; இரண்டு குறைகளில் ஒன்றைத் தீர்த்து மற்றொன்றை விட்டுவைத்த, களைத்துப்போன ஓர் அலுவலரின் முடிவாகவே தோன்றுகிறது. பெருநிறுவனங்களில் எடுக்கப்படும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த நிறத்தவைதாம்.

திருகும் விசை குறைவாக இருந்ததால், கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ மேடுபள்ளத்தில் கார் குலுங்கினாலோ, ஓட்டும் நிலையில் இருந்த சாவி பின்வாங்கி எஞ்சின் அணைந்தது. எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் விசையுதவி போய்விடும். விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே புகார்கள் வந்தன. பொறியாளர்கள் கூடிப் பேசினார்கள். எஞ்சின் அணைந்தாலும் ஓட்டுநர் முயன்றால் வண்டியைத் திருப்பி ஓரங்கட்டிவிடலாம் என்பதால் இதை வாடிக்கையாளர் வசதி தொடர்பான குறை என்று வகைப்படுத்தினார்கள். இந்த வகைப்பாடு வெறும் சொல்விளையாட்டாக நிற்கவில்லை. பாதுகாப்புக் குறை என்றால் செலவைப் பாராமல் தீர்க்க வேண்டும். வசதிக் குறை என்றால் அதைத் தீர்க்கும் செலவு தகுமா என்று கணக்குப் பார்க்கலாம். கணக்குப் பார்த்தார்கள், காருக்கு ஒரு டாலர் அளவிலான செலவும் தகாது என்று முடிவாயிற்று. 2005 டிசம்பரில் விற்பனையாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று: சாவிக்கொத்திலிருந்து தேவையற்ற கனமான பொருள்களை எடுத்துவிடுமாறு வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறுக.

அந்தக் கூட்டங்களில் அமர்ந்தவர்களுக்குத் தெரியாமல் போன செய்தி ஒன்று உண்டு. நிறுத்தி வைத்த காரில் காற்றுப்பை தவறுதலாக வெடித்து உள்ளிருப்பவரைக் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, சாவி ஓட்டும் நிலையில் இல்லாதபோது காற்றுப்பை இயங்காத வகையில் அதே நிறுவனத்தின் மற்றொரு குழு வடிவமைத்திருந்தது. தனியே பார்த்தால் அது நல்ல வடிவமைப்பு. ஓடும் காரில் சாவி தானாகப் பின்வாங்கினால், மோதலின்போது உயிர்காக்க வேண்டிய பை விரியாது என்ற முடிவு, இரண்டு குழுக்களின் அறிவும் ஒரே மூளைக்குள் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிறுவனத்துக்குள் அது நெடுநாள் சேரவில்லை. வெளியே அது சேர்ந்தது: விஸ்கான்சின் மாநிலத்தில் 2006 அக்டோபரில் நிகழ்ந்த ஒரு கோபால்ட் விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவல்துறை அலுவலர் ஒருவர், விற்பனையாளர்களுக்குப் போன சுற்றறிக்கையைத் தேடிப் படித்து, சாவி பின்வாங்கியதற்கும் காற்றுப்பை விரியாததற்கும் தொடர்பிருக்கலாம் என்று 2007இலேயே எழுதிவிட்டார். அந்த அறிக்கையின் படி ஒன்று ஜெனரல் மோட்டார்ஸின் கோப்பிலும் இருந்தது. அதன் பொருளை உணர்ந்து நடவடிக்கை எடுத்தவர் அங்கே எவரும் இல்லை. பொறியியல் பட்டம் பெற்ற பல்லாயிரவர் கொண்ட நிறுவனத்துக்குத் தென்படாத தொடர்பு, ஒரு காவலருக்குத் தென்பட்டதற்குக் காரணம் அவர் முழுக் காரையும் ஒரே பொருளாகப் பார்த்தது என்றே கொள்ள வேண்டும்.

இதற்கிடையே, 2006 ஏப்ரலில் அந்தச் சுவிட்சின் பொறுப்பாளர் அதைத் திருத்தினார். உள்ளே இருந்த சிறு தண்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றித் திருகும் விசையைக் கூட்ட ஒப்புதல் அளித்தார். ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. இதன் விளைவு விந்தையானது. பின்னால் வந்த மாதிரிகளில் குறை மறைந்தது. முன்னால் வந்தவற்றில் இருந்தது. இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே எண் என்பதால், விபத்துகள் ஒரு காலத்துக் கார்களில் மட்டும் ஏன் நிகழ்கின்றன என்று ஆராய்ந்த சக பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் இருட்டில் தேடினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2010இல் நிகழ்ந்த ஒரு விபத்து தொடர்பான வழக்கில், இறந்தவரின் குடும்பத்தினர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், பழைய காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. 2013இல் சத்தியத்தின் பேரில் விசாரிக்கப்பட்டபோது, அப்படி ஒரு மாற்றத்துக்குத் தான் ஒப்புதல் அளித்ததாக நினைவில்லை என்றே பொறுப்பாளர் கூறினார். கையெழுத்திட்ட தாள் பின்னர் கிடைத்தது.

2014 பிப்ரவரியில் தொடங்கி ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு ஜனவரியில்தான் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்த மேரி பாரா, 18 வயதில் அதே நிறுவனத்தில் பயிற்சி மாணவியாக நுழைந்து மின்பொறியாளராக வளர்ந்தவர். பதினைந்து பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 இறப்புகளுக்கு அந்தச் சுவிட்சைக் காரணமாக ஏற்றது. அமெரிக்க அரசுடன் 2015இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 90 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

அமைப்பு எந்த வடிவில் பிரிந்திருக்கிறதோ அந்த வடிவையே அது செய்யும் பொருளும் பெறும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். மென்பொருளை மனத்தில் வைத்து அவர் கூறிய இக்கருத்தைக் கான்வே விதி என்று அத்துறையினர் வழங்குகிறார்கள். இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால், அவை செய்யும் இரண்டு உறுப்புகள் சந்திக்கும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும் என்று இதை எளிமையாக விளங்கிக்கொள்ளலாம். சுவிட்சுக்கும் காற்றுப்பைக்கும் இடையே இருந்தது அத்தகைய ஓட்டை. அது எந்த வரைபடத்திலும் இல்லை. நிறுவனத்தின் துறைப் பட்டியலைப் படித்திருந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

விசாரணை அறிக்கை இரண்டு உடலசைவுகளைப் பதிவு செய்திருக்கிறது. பொறியியல் ஆவணங்களில் இவை போன்றவை அரிதாகவே இடம்பெறும். முதலாவது, 'ஜிஎம் தலையசைப்பு' என்று அங்கே பணிபுரிந்தவர்களே பெயரிட்டது: கூட்டத்தில் ஒரு திட்டம் முன்வைக்கப்படும், அனைவரும் தலையசைப்பார்கள், அறையை விட்டு வெளியேறும்போது அதைச் செய்யும் எண்ணம் ஒருவருக்கும் இராது. இரண்டாவது, 'ஜிஎம் வணக்கம்': கைகளைக் குறுக்காகக் கட்டி, விரல்களால் இடமும் வலமும் உள்ள பிறரைச் சுட்டி, பொறுப்பு அவர்களுடையது என்று காட்டும் பாவனை. ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்கள் எந்தத் திருவிழாவிலும் உண்டு. தேர் நகரும் வரை அவர்களை எவரும் கண்டுகொள்வதில்லை. பாதுகாப்பு பற்றிய கூட்டங்களில் குறிப்பெடுப்பதை வழக்கறிஞர்கள் விரும்பமாட்டார்கள் என்று சிலர் நம்பியதால் குறிப்பே எடுக்கவில்லை என்பதும் அந்த அறிக்கையில் வருகிறது.

சொற்களையும் நிறுவனம் ஆண்டது. 2008ஆம் ஆண்டில் அங்கே நடத்தப்பட்ட ஒரு பயிற்சியில், பொறியாளர்கள் தங்கள் அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய 69 சொற்கள் அடங்கிய பட்டியல் காட்டப்பட்டது. பின்னர் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் அதை வெளிக்கொணர்ந்தது. குறைபாடு என்று எழுதாமல், வடிவமைத்தபடி இயங்கவில்லை என்று எழுத வேண்டும். சிக்கல் என்று எழுதாமல், நிலைமை என்று எழுத வேண்டும். வழக்குகளில் எதிராளியின் கையில் சிக்கக்கூடிய சொற்களை விலக்குவது வழக்கறிஞர் நோக்கில் நியாயமாகவே தோன்றும். ஆனால் சொல்லை இழந்தவர் அது குறிக்கும் பொருளையும் மெல்ல மெல்ல இழக்கிறார். குறைபாடு என்று எழுதக் கூடாத ஒருவருக்கு, நாளடைவில் குறைபாடு கண்ணுக்கும் தெரியாது.

கூட்டங்கள் ஏன் இத்தனை என்ற கேள்விக்கு விடை ஐபிஎம் நிறுவனத்தின் வரலாற்றில் கிடைக்கிறது. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்துக்கான மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அந்தப் பணி தாமதமானபோது ஆள்களைச் சேர்க்கச் சேர்க்கத் தாமதம் கூடியதைக் கண்டு, 1975இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பத்துப் பேர் உள்ள குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைகள் 45. ஐம்பது பேராகிவிட்டால் 1,225. ஆள் ஐந்து மடங்கு கூடும்போது பேச்சு இருபத்தேழு மடங்கு கூடுகிறது. பெருநிறுவனத்தில் பொறியாளரின் நாளைத் தின்பது அதிகாரிகளின் மனப்போக்கு மட்டுமன்று, இந்தக் கணக்கும்தான். பேச்சைக் குறைக்கலாம் என்று குழுக்களைத் தனித்தனியாகப் பிரித்தாலோ கான்வே சொன்ன ஓட்டை வந்து சேர்கிறது.

இந்த நாள்களை ஆண்டு இறுதியில் அளப்பது 'அப்ரைசல்' எனப்படும் பணி மதிப்பீடு. ஊழியர்களைக் கட்டாயமாக வரிசைப்படுத்தி, மேல்தட்டு 20 விழுக்காடு, நடுவே 70, அடியில் 10 என்று பிரித்து, அடித்தட்டினரை வெளியேற்றும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதையொத்த தன் வரிசைமுறையை 2013இல் கைவிட்டது; ஆனால் அதன் நிழல் இன்னும் பல நிறுவனங்களில் நீங்கவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதத்தக்கது புதிதாகச் செய்த ஒன்றே. நேராமல் தடுத்த விபத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, ஏனெனில் அது நேரவில்லை. பதவி உயர விரும்புபவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பிரிவுக்கு நகர்வதும் வழக்கம். நகரும்போது கோப்பை விட்டுச் செல்கிறார், கோப்பில் எழுதாத அறிவைத் தன்னோடு கொண்டுபோகிறார். கோபால்ட் விபத்துகளின் ஆய்வு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே போனதில் இழந்த காலம் சிறிதன்று. மேலாளராகாமலே பொறியாளர் உயரலாம் என்ற இரட்டை ஏணி முறையும் உண்டு. ஐபிஎம் 1962இல் தோற்றுவித்த 'ஃபெல்லோ' என்ற பட்டம் அதன் உச்சிப்படிகளில் ஒன்று. ஆனால் அத்தகைய ஏணிகளின் மேற்படிகளில் இடம் மிகக் குறைவு.

இவ்வளவையும் சொன்னபின், பெருநிறுவனத்தை ஒரு சிறைக்கூடமாகக் காட்டுவது நேர்மையாகாது. டெட்ராய்டுக்கு அருகே மில்ஃபோர்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1924இல் திறந்த வாகனச் சோதனைத் தடத்தைப் போன்ற ஒன்றை எந்தத் தனிமனிதரும் அமைத்துவிட முடியாது. தொலைபேசி நிறுவனமான ஏடி&டியின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது, இயற்பியலாளரும் வேதியியலாளரும் பொறியாளரும் ஒரே கட்டடத்தில், உடனடி ஆதாயம் கேட்கப்படாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்க முடிந்ததால். பத்து ஆண்டு முன்பு இதே தவறைச் செய்து திருத்திக்கொண்ட மூத்தவர் ஒருவர் அடுத்த மேசையில் இருப்பது, எந்த நூலகமும் தராத வசதி. ஒரு பொறியாளர் ஓர் உறுப்பில் அரை கிராம் எடையைக் குறைத்தால், அந்த அரை கிராம் பத்து லட்சம் கார்களில் குறைகிறது. பெருக்கும் இந்த ஆற்றல்தான் பலரைப் பெருநிறுவனத்தில் நிலைக்க வைக்கும் மகிழ்ச்சி. சுவிட்சின் கதையில் பிழையைப் பெருக்கியதும் இதே ஆற்றல்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா நிறுவனம் 2012இல் திறந்த ஆய்வு வளாகத்திலும், சென்னையில் உள்ள ரெனோ-நிசான் தொழில்நுட்ப மையத்திலும், உலகின் பல சாலைகளில் ஓடும் வண்டிகளின் உறுப்புகளுக்கு விவரக்குறிப்பும் எஃப்எம்இஏ அட்டவணையும் எழுதப்படுகின்றன. மறைமலைநகரில் ஃபோர்டின் கார் உற்பத்தி 2022இல் நின்றுபோன பிறகும் அந்நிறுவனத்தின் பொறியியல் அலுவலகம் சோழிங்கநல்லூரில் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை இல்லாமலும் பொறியாளர் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. டைடல் பார்க் திறக்கப்பட்ட 2000ஆம் ஆண்டுக்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் எழுந்த மென்பொருள் நிறுவனங்களிலோ வேலையின் அலகு இன்னும் சிறியது. பிழை ஒன்றைப் பற்றிய புகார் 'டிக்கெட்' என்ற பெயரில் வந்து சேரும். அதைத் தீர்த்து மூடுவது ஒரு நாளின் வேலை. அந்தப் பிழை எந்த நாட்டின் வங்கியில் எவருடைய கணக்கைப் பாதித்தது என்பது மூடுபவருக்குத் தெரியாமலே போகலாம். வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் காலத்துக்குப் 'பெஞ்ச்' என்று பெயர். சம்பளம் வந்தாலும் நிம்மதி வராத காலம் அது.

பொறியாளர் தொழிலாளியா, நிர்வாகத்தைச் சேர்ந்தவரா என்ற கேள்வியும் இங்கே எழுந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், தொழில்நுட்ப வேலை செய்பவரைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் வைத்து, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை வெளியே நிறுத்தியது. அந்தச் சட்டத்திலிருந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. பட்டமும் பதவிப் பெயரும் பொறியாளரை நிர்வாகத்தின் பக்கம் இழுக்கின்றன. செய்யும் வேலையோ அவரைத் தொழிலாளியின் பக்கம் நிறுத்துகிறது. இந்த இடைநிலையில் நிற்பவர் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு எளிதில் வளைவதில் வியப்பில்லை.

வளையாமல் இருக்க அமைப்பே உதவ முடியும் என்பதற்கு ஜப்பானின் டொயோட்டா சான்று. அதன் மூதாதையான சகிச்சி டொயோடா, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். குறை கண்டதும் நிறுத்து என்ற அந்தத் தறியின் இயல்பைக் கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தபோது, வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் இழுத்து உற்பத்தியை நிறுத்தக்கூடிய கயிறாக அது மாறியது; அதை 'ஆண்டோன்' கயிறு என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு இது தெரியாததன்று. கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் 1984 முதல் டொயோட்டாவுடன் கூட்டாக ஒரு தொழிற்சாலையை நடத்தி, அந்தக் கயிற்றை அருகில் இருந்தே பார்த்தது. தொழிற்சாலையில் கயிறு தொங்கியது. வடிவமைப்பு அலுவலகத்தில் இழுப்பதற்கு அப்படி ஒன்றும் தொங்கவில்லை.

கயிறு இல்லாத இடத்தில் கையெழுத்தை மறுப்பதே எஞ்சியிருக்கும் வழி. சேலஞ்சர் விண்கலத்தின் உந்து ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், 1986 ஜனவரி 27ஆம் நாள் மாலை, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், ஆகவே 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்று தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் வாதாடினார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டவே, நிறுவனத்தினர் சிறிது நேரம் தங்களுக்குள் பேச அனுமதி கேட்டார்கள். அப்போது மூத்த நிர்வாகி ஒருவர், பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை அணிந்துகொள்ளச் சொன்னார் என்பது பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தது. நான்கு நிர்வாகிகள் ஏவலாம் என்று முடிவு செய்தார்கள். பொறியாளர்களிடம் மீண்டும் கேட்கவில்லை. ஏவுதளத்தில் அந்நிறுவனத்தின் சார்பாக இருந்த ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். யூட்டா மாநிலத்தில் இருந்த வேறொருவரின் கையெழுத்துடன் தாள் தொலைநகலில் வந்தது. மறுநாள் காலை இரண்டு டிகிரிக் குளிரில் ஏவப்பட்ட விண்கலம் 73ஆம் நொடியில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

நடந்ததை ஆணையத்தின் முன் எழுந்து கூறிய மெக்டொனால்டை நிறுவனம் பதவியிறக்கம் செய்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு அவரை மீண்டும் அமர்த்தி, பழுதான இணைப்பை மறுவடிவமைக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தது. அவருடைய குழு திருத்திய இணைப்புடன் 1988 செப்டம்பரில் விண்கலங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. 2011 ஜூலையில் அந்தத் திட்டம் முடியும் வரை நடந்த 110 ஏவுதல்களில் ஒன்றிலும் அந்த இணைப்பு விட்டுக்கொடுக்கவில்லை.